கோதுமையும் குருதிச் சான்றும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, செட்டிபாளையத்தையும் மாங்காட்டையும் கடந்து, களுதாவளையை அணுகுமுன் தேற்றாத்தீவு என்னும் ஊர் அமைந்திருக்கின்றது. கிழக்கே கடல்; மேற்கே வாவி; வாவிக்கு அப்பால் நெல் விளையும் படுவான்கரை. தேற்றா மரத்தின் பெயரைத் தன் பெயரிலே தாங்கி நிற்கும் ஊர் இது. அம்மரத்தின் கொட்டைக்கு உரிய சிறப்பினை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். மழைக்காலத்திற் கலங்கிய நீரைக் குடத்தில் வார்க்குமுன், குடத்தின் உட்புறத்தில் அக்கொட்டையை உரைத்து விடுவர். நீரில் மிதக்கும் நுண்ணிய மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியிற் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும்.

நோயுற்ற உடலில் நிகழ்வதும் ஒருவகைக் கலக்கமே. அக்கலக்கத்தின் காரணத்தைத் தெளிவித்துக் காட்டுவதற்கு இக்கால மருத்துவம் பல இரத்தப் பரிசோதனைகளைக் கையாளுகின்றது. கோதுமை உணவினாற் சிறுகுடல் பழுதடையும் சீலியாக் நோயைக் கண்டறிய உதவும் பிறபொருளெதிரிப் பரிசோதனை அவற்றுள் ஒன்று. நெல்லை நம்பி வாழும் மட்டக்களப்பு மக்களுக்கு இதனால் ஆவது யாது என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் இன்று காலையிற் பாணும், மாலையிற் பணிசும், இரவிற் கொத்து றொட்டியும் உண்ணாத வீடுகள் மிகச் சிலவே. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அரிசி மாவோடு கோதுமை மாவைக் கலப்பதும் வழக்கமாகி விட்டது. இலங்கையிற் பயிராகாத இத்தானியம் கப்பலேறி வருகின்றது. 1942ஆம் ஆண்டிலே பர்மா யப்பானியர் வசமாகி, அங்கிருந்து அரிசி வருவது தடைப்பட்டபோது, பங்கீட்டு அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வழங்கப்பட்டது. அந்நாட்களில் அரிசிக்குத் துணையாக வந்த மா, பின்னர் அடுக்களையில் நிலையான இடம் பெற்றுக்கொண்டது.

இப்பரிசோதனையின் பயனையும் எல்லையையும் விளங்கிக்கொள்ள ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். வாவிக்கரை ஊரொன்றில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி வாழ்கின்றாள். வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை, முகம் வெளுத்திருக்கின்றது, அடிக்கடி வயிறு பொருமுகின்றது. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, இரும்புச்சத்துக் குளிகைகளும் பல மாதம் கொடுத்தாயிற்று, குருதிச்சோகை நீங்கியபாடில்லை. வெளிநாட்டில் வாழும் மாமன் தொலைபேசியில் இதனைக் கேட்டு, "தங்கச்சி, பிள்ளைக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லைப் போலும். முதலில் அதை நிறுத்திவிடு, பிறகு இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாம்" என்று அன்போடு சொல்லுகின்றார். தாயும் அவ்வாறே செய்கின்றாள். சில மாதங்களின் பின் இரத்தம் எடுக்கப்படுகின்றது. பிறபொருளெதிரி காணப்படவில்லை என அறிக்கை வருகின்றது. நோய் இல்லை என்று வீட்டார் மகிழ்ந்து, மீண்டும் பாணை வாங்குகின்றனர். சிறுமி மீண்டும் மெலிகின்றாள்.

இங்கே பிழை செய்தவர் யார்? மாமனின் அன்பிற் குறையில்லை. தாயின் கவனத்திற் குறையில்லை. ஆய்வுகூடமும் தன் வேலையைச் சரியாகவே செய்தது. செயல்களின் ஒழுங்கே பிழைத்தது. முதலில் நிறுத்திப் பின்னர் சோதித்தமையால், பரிசோதனை காணவேண்டிய சான்று கண்முன்னின்று மறைந்து போயிற்று. அது எவ்வாறு மறைந்தது என்பதை அறிய நோயின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

றொட்டிக்கு மாப் பிசைவோர் கோதுமை மா இழுபடும் தன்மையைக் கையால் உணர்வர். அரிசி மாவுக்கு அத்தன்மை இல்லை. அதனைத் தருவது குளூட்டன் என்னும் புரதத் தொகுதி. கோதுமையிலும் வாற்கோதுமையிலும் ரை என்னும் தானியத்திலும் இவ்வகைப் புரதங்கள் உள்ளன. குளூட்டனின் ஒரு பகுதியை மனிதரின் செரிமான நொதியங்கள் முற்றாக அறுத்துச் சிதைக்க வல்லன அல்ல. எஞ்சிய துண்டுகள் பெரும்பாலோருக்குத் தீங்கின்றிக் கழிந்துவிடும். ஆனால் டி.கியூ. 2 அல்லது டி.கியூ. 8 என்னும் பரம்பரைக் குறியைத் தாங்கியோருட் சிலருக்கு அவ்வாறு கழிவதில்லை. அத்துண்டுகள் குடற்சுவரினுட் புகும்போது, இழைய டிரான்ஸ்குளூட்டமினேசு என்னும் நொதியம் அவற்றைச் சிறிது மாற்றியமைக்கின்றது. மாறிய துண்டுகளைப் பகையெனக் கருதி உடலின் காவற்படை போர் தொடுக்கின்றது. போர்க்களமோ சிறுகுடல்தான்.

சிறுகுடலின் உட்புறத்தில் விரல்கள் போல் எழுந்து நிற்கும் சடைமுளைகளே உணவின் சாரத்தை உறிஞ்சுவன. இப்போரினால் அவை குறுகித் தட்டையாகி விடுகின்றன. உண்ட உணவு இருந்தும் உடலுக்குச் சேர்வதில்லை. வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பொருமல், எடைக்குறைவு என்பன தோன்றலாம். சிலருக்கு வயிற்று முறைப்பாடு எதுவுமின்றி, தீராத குருதிச்சோகையோ, எலும்பின் பலவீனமோ, குழந்தையின் வளர்ச்சிக் குறைவோ மட்டுமே வெளிப்படும். வேறு சிலருக்கு முழங்கை, முழங்கால் முதலிய இடங்களிற் கடும் அரிப்புடன் கொப்புளங்கள் எழும்.

இந்நோய் புதியதன்று. கிறித்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த கப்படோக்கியா நாட்டு வைத்தியர் அரேதையூசு வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் இத்தகைய நோயைக் குறிப்பிட்டார். 1888ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் சாமுவேல் கீ குழந்தைகளிடத்துக் கண்ட இந்நோயை விரிவாக எழுதி, இதற்குக் குணம் உண்டாயின் உணவாலேயே உண்டாகும் என்ற கருத்தை வெளியிட்டார். எந்த உணவு என்பதை அவர் அறிந்தாரல்லர். அதை நிலைநாட்டியவர் ஒல்லாந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே. போருக்கு முன்னரே அவருக்குக் கோதுமையின்மீது ஐயம் இருந்தது. 1944ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டைப் பற்றிய பஞ்சத்திலே பாண் அரிதாயிற்று. மக்கள் டியூலிப் பூக்கிழங்கையும் உண்டு உயிர் பிழைத்தனர். ஊரெல்லாம் மெலிந்த அக்காலத்தில் சீலியாக் நோயுற்ற குழந்தைகள் தேறினர். பஞ்சம் நீங்கிப் பாண் திரும்பியதும் அவர்கள் மீண்டும் நோயில் வீழ்ந்தனர். 1950ஆம் ஆண்டில் டிக்கே தம் ஆராய்ச்சியை நூலாக்கி வெளியிட்டார். கோதுமையை விலக்குதலே மருந்து என்பது அதன்பின் உலகறிந்த செய்தியாயிற்று.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். காவற்படை போரிடும்போது சில புரதங்களைப் படைத்து இரத்தத்தில் விடுகின்றது. இவையே பிறபொருளெதிரிகள். சீலியாக் நோயின் வியப்பு யாதெனின், அந்நியமான குளூட்டனுக்கு எதிராக மட்டுமன்றி, உடலின் சொந்த நொதியத்துக்கு எதிராகவும் அவை எழுகின்றன என்பதே. 1980களில், குரங்கின் உணவுக்குழாய் இழையத்தின் மெல்லிய சீவலின்மேல் நோயாளியின் குருதித் தெளியத்தை இட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் ஒளிரும் கோலத்தைப் பார்த்து இந்நோயைக் கண்டறிந்தனர். ஒளிர்வது எதன்மீது என்பது பல்லாண்டுகள் மறைபொருளாக இருந்தது. 1997ஆம் ஆண்டிலே செருமனியைச் சேர்ந்த டீட்டெரிக், சுப்பான் முதலானோர், அஃது இழைய டிரான்ஸ்குளூட்டமினேசு நொதியமே என்று காட்டினர். அதனால் எளியதொரு முறை பிறந்தது.

அம்முறை வருமாறு: சிறு குழிகள் கொண்ட தட்டொன்றின் அடியிலே அந்நொதியத்தைப் பூசி வைப்பர். அதன்மேல் நோயாளியின் குருதித் தெளியத்தை இடுவர். எதிரிப் புரதங்கள் இருப்பின், அவை நொதியத்தைப் பற்றிக்கொள்ளும். பின்னர் நன்கு கழுவினால் பற்றாதன யாவும் நீங்கிவிடும். நிறம் காட்டும் மற்றொரு பொருளைச் சேர்த்ததும் பற்றி நின்றவை நிறங்கொள்ளும். நிறத்தின் செறிவை எந்திரம் அளந்து எண்ணாகத் தரும். அறிக்கையிற் காணும் எண் இதுவே. ஒவ்வொரு ஆய்வுகூடமும் தனக்குரிய அளவுகோலைக் கொண்டிருத்தலால், ஓர் ஆய்வுகூடத்தின் 20ஐ மற்றொன்றின் 20உடன் ஒப்பிடுதல் தகாது. அந்தந்த அறிக்கையிற் குறிக்கப்பட்ட உச்ச எல்லையைக் கொண்டே எண்ணைப் படித்தல் வேண்டும்.

இங்கேதான் முன்னர்க் கூறிய பிழையின் விளக்கம் கிடைக்கின்றது. இப்பரிசோதனை கோதுமையை அளப்பதன்று. குடலை நேரே காண்பதுமன்று. நடந்துகொண்டிருக்கும் போரின் தடயத்தையே அது காண்கின்றது. கோதுமை நின்றால் போர் தணியும். போர் தணிந்தால் எதிரிப் புரதங்கள் மாதந்தோறும் குறைந்து, நாளடைவில் மறைந்தே போகலாம். அந்நிலையில் வரும் "இல்லை" என்ற விடை, நோயில்லாமையைக் குறிப்பதா, கோதுமையில்லாமையைக் குறிப்பதா என்று எவராலும் சொல்ல இயலாது. ஆதலின் இரத்தம் கொடுக்கும் நாள்வரை வழக்கமான கோதுமை உணவை நிறுத்தலாகாது. முன்னரே நிறுத்திவிட்டோர், வைத்தியரின் மேற்பார்வையில் நாளொன்றுக்கு இரண்டு துண்டுப் பாண் அளவேனும் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் உண்டபின் சோதித்தல் வேண்டும். உண்டதும் துன்பம் மிகுமாயின் வைத்தியர் அக்காலத்தைக் குறைப்பார்.

இரண்டாவதாக அறியவேண்டிய எல்லை ஒன்று உண்டு. இப்பரிசோதனை பெரும்பாலும் ஐ.ஜி.ஏ. என்னும் வகைப் பிறபொருளெதிரியையே அளக்கின்றது. அவ்வகையை இயல்பாகவே படைக்க இயலாத சிலர் உலகில் உள்ளனர். சீலியாக் நோயாளர் நூற்றுவரில் இரண்டு மூன்று பேர் அத்தகையோர். அவர்கள் குடலிற் போர் கடுமையாக நடந்தாலும் அளவைத் தட்டிலே நிறம் தோன்றாது. ஆகவே முதற் பரிசோதனையுடன் இரத்தத்திலுள்ள மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் பார்ப்பது அறிவுடைமை. அது மிகக் குறைவாயின், ஐ.ஜி.ஜி. என்னும் மற்றொரு வகையைக் கொண்டு சோதிப்பர்.

மூன்றாவது எல்லை நோயின் அருமையைச் சார்ந்தது. இதற்குத் தக்க சான்று அண்டை நாடாகிய இந்தியாவிலே உண்டு. அங்கே வட இந்தியக் குழந்தைகளிடம் இந்நோய் காணப்படுவது 1960களிலேயே எழுதப்பட்டது. தென்னகத்திலோ அஃது அரிதாகவே இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நீண்டகாலம் பணியாற்றிய பி. எஸ். இராமகிருஷ்ணா, தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கோவிந்த் மகாரியா முதலானோர், வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளிலும் 23 ஆயிரத்துக்கு மேற்பட்ட வளர்ந்தோரின் இரத்தத்தைச் சோதித்து, 2016ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இப்பிறபொருளெதிரி வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடமும், வடகிழக்கே 0.87 பேரிடமும், தெற்கே 0.10 பேரிடமும் காணப்பட்டது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டார். வடகிழக்கே 37 கிராம். தெற்கே 25 கிராம்.

இவ்வெண்களைச் சற்று நின்று நோக்குதல் நன்று. நோய்க்கு இடந்தரும் பரம்பரைக் குறி மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் இருந்தது. ஆகவே தெற்கத்தியோர் பிறப்பினாற் காப்புப் பெற்றவர் அல்லர். கோதுமையின் அளவு மட்டுமே காரணமென்று கொள்வதற்கும் இடமில்லை. ஏனெனில் வடகிழக்கு மக்கள் தெற்கத்தியோரைவிடச் சிறிதே கூடுதலாகக் கோதுமை உண்டும், எதிரிப் புரதம் பன்மடங்கு மிகுந்து காணப்பட்டது. அரிசியுண்ணும் சமூகத்தில் இந்நோய் அரிது என்று கூறலாமேயன்றி, இல்லை என்று கூறலாகாது.

நோய் அரிதாயிருக்கும் இடத்திலே பரிசோதனையின் பொருளும் மாறுகின்றது. ஒரு பள்ளிக்கூடக் கணக்கினால் இதனை விளக்கலாம். ஆயிரத்தில் ஒருவருக்கே நோய் உள்ள ஊரிலே பத்தாயிரம் பேரைச் சோதிப்பதாகக் கொள்க. நோயாளர் பத்துப் பேர். அவர்களைப் பரிசோதனை கண்டுபிடித்து விடுகின்றது. நோயற்றோர் நூற்றுவரில் ஒருவரைத் தவறாகச் சுட்டும் சிறு குறை அதற்கு உண்டெனின், மேலும் ஏறத்தாழ நூறு பேர் சுட்டப்படுவர். ஆக, "உண்டு" என்ற விடை பெற்ற நூற்றுப் பத்துப் பேரில் உண்மை நோயாளர் பதின்மரே. இனி, நோய்க்குறி உள்ளவர்களை மட்டும் தெரிந்து ஆயிரம் பேரைச் சோதிப்பதாகவும், அவர்களுள் ஐம்பதின்மருக்கு நோய் இருப்பதாகவும் கொள்க. ஐம்பதின்மரும் அகப்படுவர், தவறாகச் சுட்டப்படுவோர் பத்துப்பேர் அளவினர். கருவி ஒன்றே, பயன் வேறு. மேற்சொன்ன இந்திய ஆய்விலும் முதற் பரிசோதனையிற் சுட்டப்பட்டோரை இரண்டாம் முறையும் சோதித்தே கணக்கிற் சேர்த்தனர்.

ஆதலால் "உண்டு" என்னும் விடை தீர்ப்பன்று. வழக்கை விசாரிக்கத் தூண்டும் சான்று. வளர்ந்தோருக்கு வாய்வழியாக உள்நோக்குக் குழாயைச் செலுத்தி, சிறுகுடலின் இழையத்திற் சிறு துணுக்குகளை எடுத்து, சடைமுளைகள் தட்டையாகியுள்ளனவா என்று பார்த்தபின்னரே நோயை உறுதிசெய்வது பெருவழக்கு. எதிரிப் புரதம் உச்ச எல்லையைப்போற் பத்து மடங்கும் அதற்கு மேலும் இருந்து, வேறொரு நாளில் எடுத்த இரத்தத்திற் பழைய ஒளிரும் பரிசோதனையும் உடன்பட்டால், குழந்தைகளுக்கு அத்துணுக்கெடுப்பு வேண்டுவதில்லை என்று ஐரோப்பியக் குழந்தை வைத்தியர் சங்கம் 2020ஆம் ஆண்டில் வழிகாட்டியது.

துணுக்கைப் பார்த்துவிட்டாற் போதாதா, இரத்தம் எதற்கு எனின், வெப்ப நாடுகளில் அதுவும் ஏமாற்றக்கூடும். தென்னிந்தியாவில் 1960களில் கொள்ளைநோய் போற் பரவிய வெப்பவலயக் குடல்நோயை வேலூரில் செல்வின் பேக்கரும் மாதனும் ஆராய்ந்தனர். அந்நோயிலும் சடைமுளைகள் குறுகும். ஆனால் அது கோதுமையால் வருவதன்று. ஒரு சான்று மற்றொன்றுக்குத் துணை நின்றாலன்றி உண்மை துலங்குவதில்லை.

சீலியாக் நோயும் அல்லாமல், கோதுமை உண்டதும் வயிறு பொருமுதல், தலைவலி, சோர்வு முதலியவற்றைச் சிலர் உணர்கின்றனர். இதனைக் குளூட்டன் உணர்திறன் என்பர். இதற்கென நம்பத்தக்க இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. கிளையாடின் எதிரி எனப்படும் பழைய பரிசோதனை இவர்களுட் சிலரிடம் தோன்றினும், நலமுடையோரிடமும் தோன்றுவதாற் பயன் சிறிது. சீலியாக் நோயும், ஐ.ஜி.ஈ. வகையால் எழும் கோதுமை ஒவ்வாமையும் இல்லையென்று நிறுவிய பின்னரே, உணவை நிறுத்தியும் மீண்டும் கொடுத்தும் இதனை முடிவு செய்வர். 2018ஆம் ஆண்டில் நோர்வேயிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று, இத்தகையோரிற் பலருக்குத் துன்பம் தருவது குளூட்டன் அன்று, கோதுமையிலும் வெங்காயத்திலும் உள்ள பிரக்டன் என்னும் மாச்சத்தே என்று காட்டியது. நூறு உணவுகளுக்கு ஐ.ஜி.ஜி. பார்த்துத் தருவதாக விற்கப்படும் பட்டியல்களோ, உண்ட உணவை உடல் அறிந்திருக்கின்றது என்பதற்கு மேல் எதனையும் கூறுவதில்லை. அவற்றை நம்பிப் பிள்ளையின் தட்டிலிருந்து பத்து உணவுகளை நீக்குதல் கேட்டுக்கே வழி.

பரம்பரைக் குறியைப் பார்க்கும் பரிசோதனையும் ஒன்றுண்டு. கோதுமையை நிறுத்தியோரிடமும் அதனைச் செய்யலாம். குறி இல்லையெனின் சீலியாக் நோய் இல்லையென்று ஏறத்தாழத் துணிந்து சொல்லலாம். இருப்பின் நோய் உண்டென்று சொல்ல இயலாது. குறியுடையோர் பலர்; நோயுடையோர் சிலர்.

யார் இப்பரிசோதனையை நாடவேண்டும்? மருந்துக்குத் தணியாத குருதிச்சோகை, நீடித்த வயிற்றுப்போக்கு, காரணம் காணாத வளர்ச்சிக் குறைவு ஆகியவை உடையோரும், குழந்தைப் பருவ நீரிழிவு உடையோரும், சீலியாக் நோயாளரின் உடன்பிறந்தோர், பெற்றோர், பிள்ளைகள் என்போரும் வைத்தியரைக் கேட்டறிதல் நன்று. உடன்பிறந்தோர் முதலிய நெருங்கிய உறவினருள் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இந்நோய் இருக்கக்கூடும். ஆயினும் இப்பகுதியில் வெளுத்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் இதுவே காரணமென்று கொள்ளற்க. இரும்புச்சத்துக் குறைந்த உணவு, குடற்பூச்சி, தலசீமியா என்பனவே முதலில் ஆராயத்தக்கவை.

நோய் உறுதியானால், வாழ்நாள் முழுவதும் கோதுமையையும் அதன் இனத்தையும் விலக்குதலே மருந்து. மேலைநாட்டாருக்கு அது பெருந்துன்பம். வாவிக்கரை மக்களுக்கோ வேண்டிய உணவு அருகிலேயே உள்ளது: படுவான்கரை நெல், குரக்கன், சோளம், பயறு, மரவள்ளிக் கிழங்கு, வாவி மீன், இறால். அரிசி மாவில் அவித்த பிட்டும் மோதகமும் தடையற்றவை. பிட்டு மாவிலே கோதுமை கலவாமற் பார்ப்பதே கவலை. ரவை, சேமியா, மால்ற் பானம், மாக் கலந்த பெருங்காயம் ஆகியவற்றிலும் கருத்து வேண்டும். தேவாலயத்தின் நற்கருணை அப்பமும் கோதுமையே. பங்குத்தந்தையிடம் முன்னரே சொல்லி வைக்கலாம். திருமண வீட்டிலும் கோயில் விழாவிலும் பந்தியில் அமர்ந்த பிள்ளை ஒன்றை மட்டும் வேண்டாமென்று ஒதுக்கிப் பழகுதல் எளிதன்று. அதனாலேதான், அந்தச் சுமையைப் பிள்ளைமேல் வைக்குமுன் நோய் உண்டென்று உறுதிப்படுத்த வேண்டியுள்ளது. உண்டாயின் அதனைக் காணாமல் விடுவதும் பெருந்தவறு.

கற்பனையிற் கண்ட அச்சிறுமியிடம் மீண்டும் வருவோம். அவள் தாய் செய்யத்தக்கது ஒன்றே. பாணை நிறுத்துமுன் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையிலோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ வைத்தியரைக் கண்டு, பிள்ளை இதுவரை என்ன உண்டாள், எந்த மருந்து எத்தனை நாள் எடுத்தாள் என்பதைச் சொல்லட்டும். பரிசோதனை வேண்டுமென்று அவர் கருதினால், இரத்தம் எடுக்கும்வரை பிள்ளை வழக்கம்போல் உண்ணட்டும். விடை எதுவாயினும் அதனை வைத்தியரோடு சேர்ந்து படிக்கட்டும். மாமனும் அடுத்தமுறை பேசும்போது, "முதலில் சோதி, பிறகு நிறுத்து" என்று சொல்லட்டும்.

தேற்றாங்கொட்டையின் ஆற்றல் கலங்கிய நீரிலேதான் புலப்படும். நீரைத் தானே தெளியவிட்டு, அதன்பின் கொட்டையை உரைப்பவன், அக்கொட்டைக்கு ஆற்றல் உண்டா, நீரில் முன்பு கலங்கல் இருந்ததா என்ற இரண்டையும் அறியமாட்டான். குருதிச் சான்றும் அத்தகையதே.